வெயிலில் நின்ற அன்று ஒன்றுமில்லை, பத்து நாள் கழித்துப் படுக்கை. லூபஸ் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்

மஞ்சக்காட்டுக்காரி

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு கிராமம், வயது 34. இரண்டு வருடமாக எஸ்எல்இ, அதாவது லூபஸ், நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குகிற சீக்கு. அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் கன்னத்துச் சிவப்பை மங்கு என்று நினைத்து ஜாதிக்காயும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் முட்டியெல்லாம் வீங்கி, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தபோதுதான் கோயம்புத்தூரில் ஒரு ரூமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர் ஏஎன்ஏ என்கிற ரத்த டெஸ்ட் எழுதிக்கொடுத்து இதுதான் சீக்கு என்று பெயர் சொன்னார். தினம் இதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மாத்திரை போடுகிறேன்.

"வெயிலில் போகாதீங்க" என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எப்படி, எவ்வளவு என்று கேட்க நேரமில்லை. எங்களுக்கோ தோட்டம். தை மாசம் மஞ்சள் வெட்டி வேகவைத்துக் களத்தில் காயப்போட்டோம், ஆள் கிடைக்காமல் நான்கு நாள் நானே கிளறிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். எட்டு ஒன்பது நாள் கழித்து விரல் முட்டியெல்லாம் பிடித்துக்கொண்டு சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை, கூடவே லேசான காய்ச்சல். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, போய் வரிசையில் நின்றோம், எங்கள் முறை வர பத்து மணி தாண்டிவிட்டது. மறுபடி அதே கதை, ஒரு வாரம் கழித்து.

வீட்டில் சொன்னால், "வெயில் அடிச்சது போன வாரம், உனக்கு வலி இந்த வாரமா?" என்கிறார்கள். அத்தை நேராகவே கேட்டுவிட்டார், "நாங்கெல்லாம் வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்கதான, எங்களுக்கு ஒண்ணுமில்லையே?" எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஏனென்றால் போன மாசம் ஆடிக்காற்று, வானம் மூடிக் கிடந்தது, பாப்பாவின் பள்ளி விளையாட்டு விழாவில் மைதானத்தில் மூன்று மணி நேரம் இருந்தேன். வேர்க்கவே இல்லை, குளிரத்தான் செய்தது. அதற்கும் வந்துவிட்டது. அப்புறம் எப்படி இது வெயிலாக இருக்கும்?

இன்னொன்று, வைட்டமின் டி 11தான் இருக்கிறதாம். வெயில் படாததால்தான் சீக்கே என்று அம்மா அங்கே ஒரு பக்கம். வெயில் வேண்டுமா வேண்டாமா, யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி அக்கா

கண்ணு, எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். நீ எழுதினதைப் படிக்கப் படிக்க என் பழைய டைரியைப் படிக்கிற மாதிரி இருந்தது. முதலில் ஒன்று, உனக்கு மனப்பிரமை இல்லை. வெயில் பட்ட அன்றே வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில நாளில் வரலாம், ஒரு வாரத்தில் வரலாம், மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் வீட்டில் யாரும் நம்புவதில்லை, நாமும் கணக்கைத் தவறவிடுகிறோம்.

எனக்கு ஒரு டாக்டரம்மா வரைந்து காட்டிய விளக்கம் இது. வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிர் தோல் செல்களைக் காயப்படுத்துகிறது, கொஞ்சம் செல்கள் செத்துப்போகின்றன. இது எல்லாருக்கும் நடப்பதுதான், உன் அத்தைக்கும் நடக்கிறது. அவர்கள் உடம்பு அந்தக் குப்பையை அப்போதைக்கப்போது கூட்டி அள்ளிவிடுகிறது. நமக்கு அந்தக் கூட்டுகிற வேலை மந்தம். செத்த செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏவும் சில புரதங்களும் வெளியே கிடக்க, ஏற்கெனவே அவற்றின் மேல் பகை வளர்த்து வைத்திருக்கிற நம் எதிர்ப்புச் சக்தி ஊரைக் கூட்டி அடிதடிக்குக் கிளம்பிவிடுகிறது. உனக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றார்களே, அது இந்தப் பகைதான். அடிதடி தோலோடு நிற்காமல் முட்டி, சிறுநீரகம் என்று பரவ நாளாகிறது. எட்டு ஒன்பது நாள் அங்கேதான் போகிறது.

அடுத்தது ஆடிக்காற்று. இதில்தான் நம்மூர்க்காரர்கள் அத்தனை பேரும் ஏமாறுகிறோம், நானும் மூன்று வருடம் ஏமாந்தேன். சூடு வேறு, இந்தக் கதிர் வேறு. உடம்பில் உறைப்பது சூடு. புறஊதா உறைக்காது, கண்ணுக்கும் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜில்லென்று காற்று அடிப்பதால் கதிர் ஒன்றும் குறைந்துவிடாது. மெல்லிய மேகமென்றால் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும். இன்னும் கேள், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தடவை. ஒன்று ஏப்ரல் மூன்றாம் வாரம், அது எல்லாருக்கும் தெரிந்த கொடுமை. இன்னொன்று ஆகஸ்ட் நான்காம் வாரம்! அப்போது நாம் காற்று நன்றாக இருக்கிறது என்று வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்போம். போன மாசம் மைதானத்தில் நீ நின்றது அந்த நாட்களை ஒட்டித்தான்.

ஊட்டியும் இதே கதைதான். குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முகத்தைத் திறந்து வைத்திருப்போம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதா சுமார் பத்து சதவீதம் கூடுகிறது, ஊட்டி 2,240 மீட்டர். பொட்டானிக்கல் கார்டனில் அரை நாள் சுற்றிவிட்டு வந்து நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த இடம் போதாது.

நேரம் பார்க்க ஒரு சுலபமான வழி, உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போ. நம்மூரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு இல்லை, 12.20 வாக்கில். அதனால் ஒன்பது மணியிலிருந்து மூன்றரை வரை களத்துப் பக்கம் போகாதே. மஞ்சளைக் கிளறத்தான் வேண்டுமென்றால் ஏழு மணிக்கு ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. சிமென்ட் களம் கீழேயிருந்தும் கதிரைத் திருப்பி அடிக்கும், தொப்பி மட்டும் போட்டால் ஆகாது.

ஒரு நோட்டில் எழுதி வை. எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம், என்ன துணி. வலி வந்தால் அந்த நாளிலிருந்து மூன்று வாரம் பின்னால் புரட்டிப் பார். எல்லா லூபஸ்காரர்களுக்கும் வெயில் ஆகாது என்றில்லை, எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெயிலில் நின்றே காய்கறி விற்கிறாள். உனக்கு ஆகுமா ஆகாதா என்று நோட்டுத்தான் சொல்லும். ஆனால் சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதே, அன்றைக்கே டாக்டரிடம் போ.

பவானி ஆத்தங்கரை

அம்மிணி, நான் சொல்வதையும் கேளுங்கள். எனக்குப் பத்து வருடமாகச் சொரியாசிஸ், முழங்கை முழங்கால் எல்லாம் செதில் செதிலாக உதிரும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கத்திரிப்பூ நிறத்துக்கு வரும், அதைத் தடவிக்கொண்டு காலை வெயிலில் அரை மணி நேரம் நிற்கிறேன். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியிலேயே பெட்டிக்குள் நிற்க வைத்து லைட் அடிக்கிறார்கள், அதுவும் புறஊதாதான். வெயிலைக் கண்டு பயந்துகொண்டு உள்ளேயே உட்கார்ந்தால் எந்தச் சீக்குத்தான் போகும்? என் அனுபவம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி அக்கா

அண்ணா, உங்களுக்குக் குறைந்தது சந்தோஷம், அது நிஜமும்கூட. சொரியாசிஸுக்கு 311 நானோமீட்டர் புறஊதா விளக்கு வைத்தியம் உண்டு, அங்கே அந்தக் கதிர் தோலில் துள்ளுகிற செல்களை அடக்குகிறது. அதே கதிர் எங்களுக்குத் தூங்குகிறதை எழுப்பிவிடுகிறது. இரண்டும் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகப் போகிற நோய்தான், இரண்டும் தோலில்தான் தெரிகிறது, ஆனால் ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்குத் தீனி. உங்கள் பேச்சைக் கேட்டு இந்தப் புள்ளை காலை வெயிலில் அரை மணி நேரம் நின்றால் அடுத்த வாரம் படுத்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் முதல் வருடம் ஒரு உறவுக்காரர் இதையேதான் சொன்னார், நானும் நின்றேன்.

பவானி ஆத்தங்கரை

கோபம் எதுவும் இல்லைங்க. தோல் சீக்கு எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். அம்மிணி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

பனியன் கம்பெனிக்காரன்

எனக்கு லூபஸ் இல்லை. திருப்பூரில் துணி டெஸ்டிங் பக்கம் வேலை, ஆஸ்திரேலியா ஆர்டர் வந்தால் யூபிஎஃப், அதாவது துணி புறஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்கிற எண், அதைப் பார்க்காமல் நாங்கள் அனுப்புவதில்லை. அதனால் துணி விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஊரே தலைகீழாக நடக்கிறது.

வெயிலுக்கு வெள்ளைக் காட்டன்தான் நல்லது என்கிறோம் இல்லையா, அது சூட்டுக்கு. புறஊதாவுக்கு மெல்லிய வெள்ளைக் காட்டன் டீசர்ட் கிட்டத்தட்ட வேலி இல்லாத தோட்டம். அதன் யூபிஎஃப் 5லிருந்து 7தான் வரும். அதாவது ஆறில் ஒரு பங்கு கதிர் உள்ளே போகிறது. வேர்வையில் நனைந்தால் இன்னும் மோசம். களத்தில் வேலை செய்கிறவர் முதுகு எப்போதும் நனைந்துதானே இருக்கும்! யூபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் போகும், அந்த அளவுக்குப் போக வேண்டும்.

பார்க்க வேண்டியது நெசவு நெருக்கம், கனம், நிறம். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி, 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) எல்லாம் வேண்டாம், இன்டர்லாக் என்கிற கனமான பின்னல் துணி 200க்கு மேல் எடுங்கள். கருநீலம், மெரூன், கரும்பச்சை மாதிரி அடர்ந்த நிறம் நல்லது, சாயமே கதிரை உறிஞ்சும். லைக்ரா கலந்து உடம்போடு ஒட்டி இழுத்து நிற்கிற துணியில் இழைகளுக்கு நடுவே கண் திறந்துவிடும், அதனால் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள், காற்றும் போகும். பாலியெஸ்டர் என்றால் மூக்கைச் சுளிக்கிறோம், ஆனால் புறஊதாவைத் தடுப்பதில் பிளீச் பண்ணின காட்டனைவிட அது மேல். பிளீச் பண்ணாத க்ரே துணிகூடப் பரவாயில்லை, பஞ்சின் இயற்கையான நிறப்பொருள் கொஞ்சம் தடுக்கும். பிளீச்சிங்கில் அதைத்தான் முதலில் கழுவிவிடுகிறோம்.

லேப் வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்பக்கம் கையை வையுங்கள். விரல் விரலாகத் தெரிந்தால் அந்தத் துணி ஆகாது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் எடுக்கும்போது நான் வீட்டுக்கு இப்படித்தான் பார்த்து வாங்குகிறேன், கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தோட்டத்துக்கு வீட்டுக்காரருடைய பழைய அடர்நிற முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நம்மூர்ப் பெண்கள் காலங்காலமாகச் சேலைக்கு மேல் அதைத்தானே போடுகிறார்கள். அதைவிட நல்ல டிசைன் இன்னும் எந்த பையரும் அனுப்பவில்லை.

மஞ்சக்காட்டுக்காரி

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, அந்த ஆகஸ்ட் விஷயத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், சித்தே நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அப்ப நோம்பிக்கெல்லாம் சாயங்காலமாப் போயிக்கலாம்" என்றார். அதுவே பெரிது.

இன்னும் சந்தேகம் இருக்கிறது. மாசம் ஒரு தடவை செக்கப்புக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸில் போகிறேன், ஜன்னல் கண்ணாடியைச் சாத்திக்கொண்டால் போதுமா? சன்ஸ்கிரீன் பூசினேன், ஒரு டியூப் மூன்று மாசம் வந்தது, பலன் எதுவும் தெரியவில்லை. வைட்டமின் டிக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. பெருந்துறையில் அண்ணனுடைய லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வாரம் இரண்டு நாள் கணக்கு எழுதப் போகிறேன், அங்கே நிழல்தான், ஷெட்டுக்குள். ஆனால் அதற்கு அடுத்த வாரங்களிலும் கன்னம் சிவந்து எரிகிறது. இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மருந்துக்கடைத் தம்பி

அக்கா, ஒரு டியூப் மூன்று மாசம் வந்ததே, பதில் அதிலேயே இருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைத்தால் அட்டையில் போட்டிருக்கிற 50 எல்லாம் வராது. வெயிலின் புறஊதாவில் யூவிபி, யூவிஏ என்று இரண்டு வகை நம் மேல் படுகிறது. அட்டையில் இருக்கிற அந்த எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யூவிபி கதிருக்குத்தான். யூவிஏவுக்கு பிஏ என்று போட்டு நான்கு பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள். காது, பின்கழுத்து, புறங்கை மறக்கிற இடங்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ளது எரிச்சல் கம்மி, முகம் வெளுத்துத் தெரியும், பரவாயில்லை. விலை கடிக்கும் என்பது உண்மைதான், அதனால் துணியால் மூட முடிகிற இடத்தை எல்லாம் பனியன்கார அண்ணன் சொன்னபடி மூடிவிட்டு மீதிக்கு மட்டும் பூசுங்கள்.

பஸ் கண்ணாடி யூவிபியைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், யூவிஏ உள்ளே வரும், அதுவும் உங்களுக்கு ஆகாது. கோபியிலிருந்து கோயம்புத்தூர் தென்மேற்கே போகிற பாதை, அதனால் காலையில் போகும்போது டிரைவர் பக்க சீட்டில் உட்காருங்கள். பொழுது சாயத் திரும்பி வரும்போதும் அதே பக்கம்தான் நிழல், நான் பல வருடம் போய்ப் பார்த்தது.

வைட்டமின் டி 11 என்பது குறைவுதான், 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள். வெயிலைத் தவிர்க்கிற லூபஸ்காரர்களுக்கு இது சகஜம். அம்மா காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார். அதை வெயிலில் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை, மருந்தாகவே கிடைக்கிறது. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதுவார், சாப்பாட்டுக்கு அப்புறம் பாலில் கலந்து குடிப்பது நல்லது, கொழுப்போடு போனால்தான் சேரும். ஆனால் தினம் ஒன்று போட்டுவிட்டு வந்து நின்றவர்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன், கால்சியம் ஏறி அது தனி அவஸ்தை. எத்தனை வாரம் என்று கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

வேறு டாக்டரிடம் காய்ச்சல், பரு என்று போனால் லூபஸ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்கு இன்னும் கூச வைக்கும், சல்ஃபா வகை மாத்திரை லூபஸையே கிளப்பிவிடலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடுகிறவர்கள் முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் வருடா வருடம். நன்றாக இருக்கிறது என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பொள்ளாச்சி அக்கா

தம்பி சொன்ன கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கொள் கண்ணு. 2020இல் கொரோனாவுக்கு ஆகும் என்று ஆளாளுக்கு இந்த மாத்திரையை வாங்கிப் பதுக்க, எனக்கு இரண்டு வாரம் கிடைக்கவில்லை. நான்கு கடை ஏறி இறங்கினேன். அந்த வருடம் மாதிரி நான் படுத்ததே இல்லை.

லேத்துக்காரன்

பட்டறை என்றதும் எழுதுகிறேன். ஷெட்டுக்குள் வெயில் இல்லை, சரி. ஆர்க் வெல்டிங் அடிக்கிறார்களா? லாரி பாடி என்றால் நாள் முழுக்க அடிப்பார்களே! அந்த வெளிச்சத்தில் வருவதும் புறஊதாதான், பக்கத்தில் நின்றால் வெயிலைவிட மோசம். கண்ணாடி போடாமல் சித்தே பார்த்தாலே ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், எங்கள் பையன்களுக்குக் கழுத்துச் சட்டை திறந்திருக்கிற இடம் மட்டும் கருத்து உரிந்திருக்கும். நல்ல உடம்புக்கே இப்படி என்றால் உங்களுக்கு? கணக்கு மேசை வெல்டிங் பக்கம் பார்த்து இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மஞ்சக்காட்டுக்காரி

ஏழு வாரம் ஆயிற்றுங்க, சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது என்று வந்தேன்.

லேத்துக்கார அண்ணா, மேசை அப்படியே வெல்டிங் பக்கம் பார்த்துத்தான் இருந்தது, பதினைந்தடி தூரம், நடுவில் ஒன்றுமில்லை. நான் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை வேறு பார்ப்பேன். அண்ணனிடம் சொன்னதும் அன்றைக்கே ஒரு பழைய தகரத்தை நிறுத்திவிட்டார், இப்போது கணக்கு நோட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். கன்ன எரிச்சல் ஐந்து வாரமாக இல்லை.

நோட்டு எழுதுகிறேன். இந்த ஏழு வாரத்தில் ஒரு தடவை முட்டி வலி வந்தது. பின்னால் புரட்டிப் பார்த்தால் பதினொரு நாள் முன்னால் ரேஷன் கடையில் 11 மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் நின்றது இருக்கிறது, குடை இல்லாமல். ரேஷன் கடைக்குப் போனதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் அசதி வந்தது, அதற்குப் பின்னால் புரட்டினால் வெயிலில் நின்றதாக ஒன்றுமே இல்லை. தூக்கம் சரியில்லாததாக இருக்கலாம். நோட்டை டாக்டரிடம் காட்டினேன், அவர் உட்கார்ந்து நான்கு பக்கமும் படித்தார், முதல் தடவையாகப் பத்து நிமிடம் பேசினார். சிறுநீரில் புரதம் பார்த்தார், இல்லை. வைட்டமின் டி எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறார், மூன்றாவது பாக்கெட் நேற்றுக் குடித்தேன்.

அத்தை இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆனால் தை மாசத்துக்கு மஞ்சள் கிளற ஆள் சொல்லி வைத்திருக்கிறார், கூலி அதிகம் என்று திட்டிக்கொண்டேதான்.

பனியன் அண்ணா, ஸ்கூட்டியில் போகும்போது முகத்தைச் சுற்ற ஒரு துப்பட்டா எடுத்தேன், கறுப்பு நெட் துணி. கறுப்பு என்பதால் போதும்தானே?

பனியன் கம்பெனிக்காரன்

நெட் வேண்டாமுங்க, கறுப்பாக இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அடர்நிறக் காட்டனோ பாலியெஸ்டரோ, மொத்தமாக எடுத்து இரண்டு சுற்று சுற்றுங்கள், ஹெல்மெட் அதற்கு மேல்.